கரடிக்கு வைத்த விருந்து



கரடிக்குப் பழந்தமிழில் எண்கு என்றும் உளியம் என்றும் பெயர்கள் உண்டு. திருமுருகாற்றுப்படையின் இறுதிப் பகுதியில், பழமுதிர்சோலை மலையிலிருந்து அருவி இறங்கிவரும் வழியைச் சொல்லிக்கொண்டு வரும் நக்கீரர், அங்கே மலைப்பிளவுக்குள் ஒண்டும் கரடி ஒன்றையும் நமக்குக் காட்டுகிறார். பனஞ்செறும்பு போன்ற முரட்டு மயிர், வளைந்த அடி. இந்த இரண்டு அடைமொழிகளிலேயே விலங்கு நம் கண்முன் வந்து நின்றுவிடுகிறது. அகநானூற்றுப் புலவர்களும் கரடியை நன்கு அறிந்தவர்கள். அது புற்றைக் கிண்டிப் புற்றாஞ்சோற்றைத் தேடுவதையும், உதிர்ந்த இருப்பைப் பூக்களை இனத்தோடு கூடி உண்பதையும் அவர்கள் பாடியிருக்கிறார்கள். இன்றைய விலங்கியல் நூல்கள் நம் கரடியின் உணவு என்று குறிப்பதும் ஏறக்குறைய இதுவே. கறையான், எறும்பு, தேன், பூ, பழம்.

இந்தக் கரடியைப் பற்றிச் சென்ற ஆண்டு என்னிடம் ஒரு கேள்வி வந்தது. என்னிடம் படித்து, இப்பொழுது அமெரிக்காவின் வடகிழக்கு மூலையிலுள்ள மெயின் மாநிலத்தில் பணியாற்றும் மாணவர் ஒருவர் தொலைபேசியில் கேட்டார்: "சார்வாள், இங்கே காட்டுக்குள் ஒரு பீப்பாயை மரத்தோடு சங்கிலியால் கட்டி, அதில் பழைய இனிப்பு ரொட்டிகளை நிரப்பி வைக்கிறார்கள். கரடி தின்ன வருகிறது. மரத்தின்மேல் உட்கார்ந்து வில்லால் அடிக்கிறார்கள். வில் நம்முடைய கருவி அல்லவா? நம் மலைக்காரர்களும் கரடியை இப்படித்தான் அடித்தார்களா?"

கேள்வி சிறிதுதான். ஆனால் அதற்கு விடை தேடப் புகுந்தபோது, அது சங்க நூல்களில் தொடங்கிக் குற்றாலத்துக் குப்பைமேட்டில் வந்து நின்றது. நான் கண்டவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

வில்லாண்மைக்குப் பேர்போனவன் வல்வில் ஓரி. அவன் எய்த ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் சென்று தைத்தது என்று புறநானூறு கூறுகிறது. இது புலவர் கற்பனை என்று ஒதுக்கினாலும், அந்த வரிசையைக் கவனியுங்கள். குறிஞ்சி நிலத்துப் பெருவிலங்குகள் எல்லாம் வந்துவிட்டன, கரடி வரவில்லை. அம்பு சென்று தைத்த இடமோ புற்று. அதுதான் கரடி நாள்தோறும் வந்து கிண்டும் இடம். இருந்தும் புலவர் கரடியைச் சேர்க்கவில்லை. இதைக் கொண்டு பழந்தமிழர் கரடியை வேட்டையாடவே இல்லை என்று முடிவு கட்டிவிட நான் துணியமாட்டேன். ஆயினும் வில்லுக்கு எளிதில் வசப்படும் விலங்கன்று கரடி. அதன் நீண்ட மயிர் உடலின் உண்மையான அளவை மறைத்துவிடும். அடி சரியான இடத்தில் படாவிட்டால், அது ஓடி மறைவதைக் காட்டிலும் எதிர்த்து வருவதே மிகுதி.

இனி, தீனி வைத்து விலங்கைப் பிடிக்கும் வழக்கம் நம்மிடம் இருந்ததா என்றால், பொறி வைக்கும் வழக்கம் நிச்சயமாக இருந்தது. தினைப்புனத்தில் பெரிய கல்லைச் சாய்த்து நிறுத்தி, அடியில் சிறு பொறி அமைப்பார்கள். பன்றி நுழைந்தால் கல் விழும். இதற்கு அடார் என்று பெயர். நற்றிணையில் ஒரு பாடல், பன்றிக்காக வைத்த அடாரில் புலி வந்து அகப்பட்டதைச் சொல்கிறது. இந்தச் செய்தியை நேயர்கள் சற்றே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இதற்கு மீண்டும் வருவேன்.

நம் குற்றாலத்துக்கே உரிய வேட்டைக்காரன் ஒருவன் இருக்கிறான். மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் படைத்த சிங்கன் அவன். சிங்கன் பறவை பிடிப்பவன். அவன் கருவி கண்ணி. பறவைகள் எந்த வயலில் எப்பொழுது மேய வருகின்றன என்று அறிவதில் அவன் தொழிலின் பெரும்பகுதி அடங்கிவிடுகிறது. வேட்டைக்கு முதற்கருவி வில்லுமன்று, கண்ணியுமன்று. விலங்கின் பசியை அறிவதே முதற்கருவி. அமெரிக்கக் காட்டிலும் அதே கதைதான்.

அங்கே வில் எப்படி மீண்டும் வந்தது என்பது தனிக்கதை. 1911ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் ஓரோவில் என்ற ஊரின் விளிம்பில், பசியால் மெலிந்த மனிதர் ஒருவர் தென்பட்டார். வெள்ளையர் குடியேற்றத்தில் ஏறக்குறைய அழிந்தொழிந்த யாகி என்ற பழங்குடியின் கடைசி மனிதர் அவர். தம் பெயரை அவர் யாருக்கும் சொல்லவில்லை. ஆகவே 'மனிதன்' என்று பொருள்படும் அவர் மொழிச் சொல்லாலேயே இஷி என்று அழைத்தார்கள். பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் அவர் தங்கியிருந்தபோது, அவருக்கு மருத்துவம் பார்த்த சாக்ஸ்டன் போப் என்ற மருத்துவர் அவரிடம் வில் செய்யவும் எய்யவும் கற்றுக்கொண்டார். 1916இல் இஷி காசநோயால் இறந்தார். 1923இல் போப் வில்வேட்டை பற்றி ஒரு நூல் எழுதினார். இன்று அமெரிக்காவில் வில்லெடுத்துக் காட்டுக்குள் செல்லும் பலரும் அந்த நூலைத் தம் தொழிலின் தொடக்கமாகக் கருதுகிறார்கள். ஒரு குடியை அழித்துவிட்டு, அதன் கடைசி மனிதரிடமிருந்து வில்லை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். வரலாறு இப்படியும் நடக்கும்.

அமெரிக்கக் கருங்கரடி குளிர்காலம் முழுவதும் உணவின்றிக் குகையில் கிடக்கும். அதற்கு முன்னால், இலையுதிர் காலத்தில், உடம்பில் கொழுப்பைச் சேர்த்தாக வேண்டும். அப்பொழுது நாளொன்றுக்கு 20,000 கலோரி அளவுக்குக்கூட அது உண்ணுமாம். நாம் நாள் முழுதும் உண்பதைப்போல் எட்டுப் பத்து மடங்கு! இந்தப் பசியை அறிந்துதான் பீப்பாய் வைக்கிறார்கள். மெயின் மாநிலத்தில் ஆகஸ்டு மாத இறுதியில் வேட்டைக்காலம் தொடங்குகிறது. அதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே இரை வைக்கலாம். பழைய ரொட்டி, வெல்லப்பாகு, பலகாரம் பொரித்து மிஞ்சிய எண்ணெய் ஆகியவை இரை. எண்ணெயை மிதித்துச் செல்லும் கரடியின் பாதங்கள் காடெங்கும் வாசனை பரப்பி மற்றக் கரடிகளுக்கும் வழி காட்டிவிடும். வேட்டைக்காரர் பதினைந்து, இருபது அடி உயரத்தில் பரண் அமைத்து, இருபது கெஜத்துக்குள் பீப்பாய் தெரியும்படி அமர்கிறார். கரடியின் முதுகு பீப்பாயின் எந்த உயரத்துக்கு வருகிறது என்று பார்த்து அதன் பருமனைக் கணிக்கிறார். அது பக்கவாட்டில் திரும்பி, முன்கால் முன்னே நீளும்வரையில் காத்திருந்து, நுரையீரல் இருக்கும் இடத்தில் எய்கிறார். அவசரப்பட்டு எய்தால் வினைதான். கரடியின் தடித்த கொழுப்பும் அடர்ந்த மயிரும் இரத்தத்தை உறிஞ்சிக்கொள்ளும். தரையில் சுவடு விழாது. அடிபட்ட விலங்கு எங்கோ புதருக்குள் நாளெல்லாம் கிடந்து சாகும்.

இதை ஆதரிப்போரின் வாதத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அடர்ந்த காட்டில் கரடியைத் தேடிக் கண்டுபிடிப்பது அரிது. இரைக்கு வந்து நிற்கும் கரடியை நிதானமாகப் பார்க்கலாம். குட்டியோடு வந்த தாயை விட்டுவிடலாம். அருகிலிருந்து எய்வதால் விரைவில் கொல்லலாம். எண்ணிக்கை பெருகினால் கரடி வீடுகளுக்குள் புகும். ஆகவே ஆண்டுதோறும் ஓரளவு குறைத்தாக வேண்டும். இவை அவர்கள் சொல்லும் காரணங்கள். எதிர்ப்போரோ, சோற்றைக் காட்டி அழைத்துக் கொல்வது வேட்டையா என்று கேட்கிறார்கள். மனிதன் வைக்கும் தீனிக்கு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான கரடிகளைப் பழக்குகிறீர்களே, அத்தனை கரடிகளுமா உங்கள் அம்புக்கு விழுகின்றன, மிஞ்சியவை எங்கே போகும் என்று கேட்கிறார்கள். கொலராடோ மாநில மக்கள் 1992இலும், ஆரிகன் மக்கள் 1994இலும், வாஷிங்டன் மாநில மக்கள் 1996இலும் வாக்களித்து இரை வைப்பதைத் தடுத்துவிட்டார்கள். மெயினில் 2004இலும் 2014இலும் இதே கேள்வி வாக்கெடுப்புக்கு வந்தது. இரண்டு முறையும் தடை தோற்றது. எனக்கு அந்நாட்டில் வாக்கில்லை. ஆயினும் மிஞ்சிய கரடிகள் எங்கே போகும் என்ற கேள்வி என் மனத்தை விட்டு அகலவில்லை. அதற்குக் காரணம் நம் ஊர்.

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சட்டப் புத்தகங்களைப் படிப்பது சுவையான வேலை அன்று. ஆனால் அந்தச் சட்டத்தில் வேட்டை என்ற சொல்லுக்கு இலக்கணம் கூறும் பகுதியை ஓர் ஆசிரியன் என்ற முறையில் நான் மிகவும் விரும்பிப் படித்தேன். கொல்வது மட்டும் வேட்டையன்று. நஞ்சிடுவது, பிடிப்பது, கண்ணி வைப்பது, பொறி வைப்பது, துரத்துவது ஆகியவற்றோடு இரை வைப்பதும் வேட்டையே என்று அது கூறுகிறது. அம்பு விடுவதற்கு முன்பே, பீப்பாயை நிரப்பியவுடனே வேட்டை தொடங்கிவிட்டது என்பது இதன் கருத்து. கரடி இந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்ற விலங்கு. தன் உயிரையோ பிறர் உயிரையோ காக்க நல்லெண்ணத்தோடு செய்யும் செயலைச் சட்டம் குற்றமாகக் கொள்ளாது. மற்றபடி உரிய அதிகாரியின் அனுமதியின்றிக் கரடிமேல் கை வைக்க எவருக்கும் உரிமையில்லை.

சட்டம் இப்படியிருக்க, நாம் என்ன செய்துகொண்டிருக்கிறோம்?

முதலில் நம் கரடியைத் தெரிந்துகொள்வோம். அமெரிக்கக் கரடியைப்போல் இது குளிர்காலத்தில் உறங்குவதில்லை. ஆகவே ஆண்டு முழுவதும் இதற்குப் பசி உண்டு. இதன் மேல்தாடையில் முன்பற்கள் இரண்டு கிடையா. புற்றை நீண்ட நகங்களால் பிளந்து, மூக்குத் துளைகளை மூடிக்கொண்டு, பல்லிடைவெளி வழியாகக் கறையானை உறிஞ்சும். அந்த ஓசை நூறு கெஜத்துக்கு அப்பாலும் கேட்கும். கண்ணும் காதும் மந்தம். மூக்கு மட்டும் மிகக் கூர்மை. இதனால்தான் ஆபத்து. புல்லிலோ புதரிலோ மூக்கைப் புதைத்துத் தின்றுகொண்டிருக்கும் கரடி, நாம் பத்தடி தூரத்துக்கு வரும்வரை நம்மை அறியாது. அறிந்தவுடன் திடுக்கிட்டு முகத்தில் பாயும்.

இத்தகைய மூக்குடைய விலங்கு வாழும் மலையின் அடியில் நம் குற்றாலம் இருக்கிறது. மேலே தேனருவி. பாறை முகட்டில் தேனடைகள் தொங்குவதால் அதற்கு அப்பெயர். மலையில் பலாவும் நாவலும் அத்தியும் கொன்றையும் உண்டு. இந்த மலைத்தொடரில் வாழும் பளியர்கள் தேனும் கிழங்கும் எடுப்பவர்கள். கரடி தேடுவதும் அவையே. அவர்கள் கையில் இருப்பதோ வில்லன்று. கிழங்கு தோண்டும் கோல். ஒரே உணவை நாடும் இருவர் ஒருவரையொருவர் விலகிச் செல்லப் பழகிக்கொண்டார்கள் என்றுதான் இதைப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

கீழே வாழும் நாமோ விலகுவதில்லை, அழைக்கிறோம். ஆனியும் ஆடியும் வந்து சாரல் தொடங்கிவிட்டால் குற்றாலத்தில் எத்தனை கூட்டம்! பலாச்சுளை விற்பவர் சடையையும் கொட்டையையும் ஓரத்தில் குவிக்கிறார். உணவு விடுதியின் எச்சில் இலையும் பொரித்த எண்ணெயின் மண்டியும் ஓடைக்கரைக்குப் போகின்றன. மெயின் காட்டு வேட்டைக்காரர் பணம் கொடுத்து வாங்கிப் பீப்பாயில் இடும் பண்டங்கள் இவைதாமே? பரணும் வில்லும் இல்லை என்பது ஒன்றே வேறுபாடு. நீலகிரியில் கோத்தகிரி, குன்னூர்ப் பகுதிகளில் கரடிகள் கோயிலுக்குள் புகுந்து விளக்கெண்ணெயைக் குடிப்பதும், பள்ளிச் சத்துணவுக் கூடத்தின் கதவை உடைப்பதும் செய்தித்தாள்களில் அடிக்கடி வருகின்றன. ஒருமுறை ருசி கண்ட கரடி புற்றைக் கிண்டும் உழைப்பை ஏன் மேற்கொள்ளும்?

இதன் முடிவை நாம் தென்காசி மாவட்டத்திலேயே கண்டோம். பாரதியார் சில காலம் வாழ்ந்த கடையத்தை நீங்கள் அறிவீர்கள். அதன் அருகே சிவசைலம் பக்கத்தில், 2022ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், மசாலாப் பொருள் விற்கும் ஒருவர் இருசக்கர வண்டியில் ஊர் ஊராகச் சென்றுகொண்டிருந்தார். கரடி ஒன்று அவர்மேல் பாய்ந்தது. அவரைக் காப்பாற்ற ஓடிவந்தவர்களில் இருவரையும் அது விடவில்லை. மூவருக்கும் கொடுங்காயம். வனத்துறையினர் மயக்க ஊசி செலுத்திக் கரடியைப் பிடித்து, களக்காட்டு மலைக்காட்டில் கொண்டுபோய் விட்டனர். அது அங்கே பிழைக்கவில்லை. சில நாட்களுக்குள் இறந்து கிடந்தது. அந்தக் கரடி எதனால் ஊர்ப்பக்கம் வந்தது என்று என்னால் கூறமுடியாது. ஆனால் பிறருக்கு உதவப் போய் முகம் சிதைந்தவர்களை நினைக்கும்போது, மலையடிவாரத்தில் குவியும் ஒவ்வொரு குப்பைமேடும் எனக்கு வேறுவிதமாகத் தெரிகிறது.

இனி அந்த அடாருக்கு வருகிறேன். பன்றி பயிரை அழிக்கிறது என்று அவுட்டுக்காய் வைப்பவர்கள் நம் மாநிலத்தில் பல இடங்களில் இருக்கிறார்கள். பழத்திலோ மாவிலோ வெடிமருந்தை ஒளித்து வைப்பது அது. கடித்தால் வாயில் வெடிக்கும். பயிரைப் பறிகொடுக்கும் உழவரின் துயரம் எனக்குத் தெரியும். கிழங்கு வயல் ஒன்றை ஓரிரவில் பன்றிக்கூட்டம் புரட்டிப் போட்டதைக் கண்டு, வரப்பில் உட்கார்ந்து பேச்சற்றுப்போன மனிதரைப் பார்த்திருக்கிறேன். ஆனால் இரை, தின்ன வருவது பன்றிதானா என்று கேட்டுக்கொண்டு வெடிப்பதில்லை. 2020ஆம் ஆண்டு மே மாதத்தில் கேரளத்தில் பாலக்காட்டு மாவட்டத்துக் கருவுற்ற யானையொன்று வெடி வைத்த பண்டத்தைக் கடித்து, வாய் சிதைந்து, நாட்கணக்கில் உண்ண இயலாமல், வெள்ளியாற்று நீருக்குள் நின்றபடியே உயிர்விட்டது. அன்று கல்லடாரில் புலி. இன்று வெடியில் யானை. பழவாசனைக்கு எல்லோருக்கும் முந்தி வரும் மூக்கு கரடியினுடையது என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

மலையடிவாரத்தில் வாழ்வோர் என்ன செய்யலாம்? விடியுமுன்னும் அந்திக்குப் பின்னும் தோட்டத்துக்குப் போக நேர்ந்தால் தனியே போகலாகாது. பேசிக்கொண்டோ, கோலைத் தட்டிக்கொண்டோ போகவேண்டும். நம் ஓசையைத் தொலைவிலேயே கேட்டால் கரடி தானே விலகும். பாய்ந்துவிட்டால் குப்புறப் படுத்து, இரு கைகளையும் கோத்துப் பிடரியை மூடி, முகத்தை மண்ணோடு சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது அறிந்தோர் கூறும் அறிவுரை. கரடி வந்த ஊரில் கூட்டம் கூடிக் கல்லெறிவதைப்போல் தீங்கு வேறில்லை. வழி மறிக்கப்பட்ட கரடிதான் மிகவும் கொடியது.

இங்கே பள்ளிக்கூட நினைவு ஒன்று வருகிறது. இரண்டு நண்பர்களும் கரடியும் என்ற கதை நம் பாடநூல்களில் நெடுங்காலமாக உண்டு. ஒருவன் மரத்தில் ஏறித் தப்புகிறான். மற்றவன் செத்தவன்போல் கிடக்கிறான். மலையடிவாரத்துச் சிற்றூரிலிருந்து வந்த ஒரு மாணவன் அந்தப் பாடத்தின் நடுவே எழுந்து நின்றான். "சார்வாள், கரடி மரம் ஏறுமே! எங்க தோப்புல தேனெடுக்க ஏறிச்சே!" என்றான். வகுப்பு சிரித்தது; அவன் சிரிக்கவில்லை. அவன் சொன்னதே உண்மை. நண்பனைக் கைவிடலாகாது என்பதற்கு அந்தக் கதை பொருந்தும். கரடியிடமிருந்து தப்புவதற்கு மரம் பொருந்தாது.

அந்த மாணவனுக்கு இப்பொழுது நாற்பது வயதுக்கு மேலாகிறது. தந்தையின் தோப்பை அவர்தாம் பார்த்துக்கொள்கிறார். பன்னிரண்டு பலாமரங்கள். சென்ற பருவத்தில் நான் சென்றிருந்தபோது, பிற்பகல் மூன்று மணிக்கே அவரும் அவர் மனைவியும் சாக்கோடு இறங்கி, உதிர்ந்த பழத்தையும் வெம்பலையும் ஒன்றுவிடாமல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஆழமாக ஒரு குழி. பழத்தைக் கொட்டி, சாம்பல் தூவி, மண் தள்ளி மிதித்தார்கள். மலைப்பக்கத்து வேலியோரம் இருந்த இரண்டு புற்றுகளை மட்டும் அவர் இடிக்காமல் விட்டிருந்தார். ஒன்றின் பக்கம் புதிதாகப் பிளந்திருந்தது, அடியில் நகக்கீறல்கள். காரணம் கேட்டேன்.

"அதுவும் தின்னுட்டுப் போகட்டும் சார்வாள்" என்றார். "அது வேலிக்கு அங்கிட்டுல்லா இருக்கு."